இராஜநாயக்கனுக்குக் கிட்டாத குருப்பட்டம்

திருச்சபை வரலாற்று வகுப்பில் 1733ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாளை நாம் சற்று உரத்த குரலில் கூறுவது வழக்கம். அன்று தரங்கம்பாடியில் ஆரோன் என்னும் உபதேசியார் குருப்பட்டம் பெற்றார். இந்திய மண்ணில் சீர்திருத்தத் திருச்சபை கண்ட முதல் சுதேச குருவானவர் அவரே. சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கிய 1706ஆம் ஆண்டிலிருந்து எண்ணினால் அதற்கு இருபத்தேழு ஆண்டுகள் ஆயின. மாணவர் அந்நாளைக் குறித்துக்கொள்கின்றனர். தேர்விலும் தவறாமல் எழுதுகின்றனர். ஆனால் அப்பட்டத்தைப் பெறாமற்போன ஒருவரைப் பற்றி நாம் கேள்வி கேட்பதில்லை. பாடநூலில் அவருக்குக் கிடைப்பது ஒரு பத்தி மட்டுமே. அப்பத்தியை இங்கே சற்று விரித்து நோக்க விரும்புகிறோம். ஏனெனில் ஒருவனுடைய தகுதியை மறுக்காமலே அவனுக்குரிய பணியை மறுக்கும் வழியொன்று உண்டென்பதை, நாம் அறிந்த அளவில், தமிழ்த் திருச்சபையில் முதன்முதலில் எழுத்தில் காட்டித் தந்தது அவருடைய வரலாறே.

இராஜநாயக்கன் 1700ஆம் ஆண்டளவில் ரோமன் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தவர். அக்காலப் பதிவுகள் அவரைப் பறையர் குலத்தவர் என்று குறிக்கின்றன. தஞ்சை மராட்டிய மன்னரின் படையில் சேவகம் செய்து, தமக்குக் கீழ்ச் சில வீரரையும் உடையவராயிருந்தார். சீகன்பால்கு மொழிபெயர்த்து 1714இல் தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சான நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அடங்கிய நூல் எவ்வழியிலோ அவர் கையில் சேர்ந்தது. எந்த மிஷனெரியையும் காணுமுன்னரே அதைப் படித்தார்; தம் தோழருக்கும் படித்துக் காட்டினார். பின்னர்த் தரங்கம்பாடியாரோடு தொடர்பு கொண்டு, 1728இல் படைவேலையை விட்டு உபதேசியாரானார். ஐரோப்பிய மிஷனெரிகள் தஞ்சை நாட்டிற்குள் விருப்பம்போல் சென்றுவர இயலாத காலம் அது. எனவே அந்நாட்டுச் சபைகளின் பாரம் முழுவதும் உபதேசியார்களின் தோள்மீதே விழுந்தது. இராஜநாயக்கனோ தம் பழைய சபையாரின் கடும் பகையையும் சேர்த்துச் சுமக்க நேர்ந்தது. அவரும் அவர் குடும்பத்தாரும் பட்ட அடிகள் சிறியவையல்ல. அவ்வளவிற்கும் பின்னர் அவர் அப்பணியை விடவில்லை. 1771இல் மரிக்கும்வரை, நாற்பத்து மூன்று ஆண்டுகள், உபதேசியாராகவே இருந்தார்.

‘உபதேசியாராகவே’ என்னும் சொல்லில் தான் நம் கேள்வி அடங்கியுள்ளது. அவர் அறிவிற் குறைந்தவர் என்று எவரும் எழுதவில்லை. ஒழுக்கத்தில் குறை கண்டவரும் இல்லை. மிஷனெரிகள் அவரை வெகுவாக மதித்தனர். தங்கள் உபதேசியார்களுள் முதன்மையானவர்களில் ஒருவராகவே எண்ணினர். அவருக்குக் குருப்பட்டம் அளிப்பதைப் பற்றிய எண்ணமும் எழுந்தது. ஆயினும் அளிக்கப்படவில்லை. அதற்கு அவர்கள் கூறிய காரணத்தின் சாரம் இது: எங்களுக்கு இவர்மீது தடையொன்றுமில்லை, ஆனால் உயர்குலத்துக் கிறிஸ்தவர்கள் இவர் கையிலிருந்து திருவிருந்து பெறத் தயங்குவர், அதனால் அத்திருவிருந்தின்மீதே அவர்களுக்குள்ள மதிப்புக் குன்றிவிடும். ஆரோனோ கடலூர் வேளாளர் குடும்பத்தவர். 1718இல் திருமுழுக்குப் பெற்றவர். அவர் உண்மையுள்ள ஊழியர் என்பதில் நமக்கு ஐயமில்லை. மாயவரம் பகுதியில் உழைத்து 1745இல் மறைந்த அப்பெருமகனாரைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. 1741இல் தியோகு இரண்டாம் குருவானவரானார். இராஜநாயக்கன் அதன்பின்னும் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார்.

மேற்சொன்ன காரணத்தின் அமைப்பை இறையியல் மாணவர் கூர்ந்து நோக்கவேண்டும். அதில் மூவர் உள்ளனர். பணியளிப்பவர் ஒருவர், பணிக்குரியவர் ஒருவர், அவ்வறையில் இல்லாத மூன்றாமவர் ஒருவர். முதலாமவர் தம் மனச்சாட்சியைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறார். குற்றம் மூன்றாமவருடையதாகிவிடுகிறது. அந்த மூன்றாமவரை அழைத்து, ‘நீர் உண்மையாகவே மறுப்பீரோ?’ என்று கேட்பார் இல்லை. கேட்டிருந்தால் ஒருவேளை மறுத்துமிருப்பர்; தரங்கம்பாடி ஆலயத்திலேயே குலத்தவர் பிரிந்து அமர்ந்த காலம் அது. ஆனால் அவ்வாறு பிரிந்து அமர இடங்கொடுத்தவர் யாவர்? முதலில் இருக்கையில் பிரிவினையை அனுமதித்து, பின்னர் அப்பிரிவினையையே காட்டிப் பீடத்தை மறுப்பது, தான் நட்ட முள் தன் காலில் தைத்ததென்று முறையிடுவதைப் போன்றது.

மிஷனெரிகளுக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். பலவீன சகோதரனுக்கு இடறல் உண்டாக்கலாகாது என்னும் எண்ணம் வேதத்தில் இல்லாததன்று. முதலாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தைப் படித்து வளர்ந்த எந்தப் போதகருக்கும் அவ்வாதம் இயல்பாகவே தோன்றும். ஆனால் அவ்வதிகாரத்தில் பவுல் விட்டுக்கொடுப்பது தமக்குரிய உணவை. அடுத்தவனுக்குரிய இடத்தை அன்று. அவர்கள் புரட்டியிருக்க வேண்டிய பக்கம் கலாத்தியர் இரண்டாம் அதிகாரம் என்பது நம் கருத்து. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உண்டுகொண்டிருந்தார். கொர்நேலியுவின் வீட்டிற்குச் சென்றுவந்தவராதலால் அவருக்குத் தனிப்பட்ட தடை ஏதுமில்லை. எருசலேமிலிருந்து சிலர் வந்தனர். அவர்களுக்குப் பயந்து பேதுரு பந்தியைவிட்டு விலகினார். பேதுருவின் கொள்கை மாறவில்லை. மாறியது அவர் அமர்ந்த இடம் மட்டுமே. பர்னபாவும் அவரோடு இழுப்புண்டார். பவுல் அதைத் தனி அறையில் பேசித் தீர்க்காமல் எல்லோர் முன்பாகவும் எதிர்த்ததன் காரணம் இதுவே. பிறர் பொருட்டுச் செய்யப்படும் விலக்கு, செய்பவருடைய விலக்கே என்று அவர் கண்டார்.

தரங்கம்பாடிக்குப் பின் நூறு ஆண்டுகள் கழித்துக் கல்கத்தா அத்தியட்சராகிய தானியேல் வில்சன் 1833இல் ஒரு சுற்றறிக்கை விடுத்தார். சாதி வேற்றுமையைத் திட்டமாகவும் உடனடியாகவும் முற்றிலுமாகவும் விட்டுவிட வேண்டும் என்பது அதன் கட்டளை. வேப்பேரியிலும் தஞ்சையிலும் எழுந்த கொந்தளிப்பு யாவரும் அறிந்ததே. உபதேசியாரும் உபாத்திமாருமாகப் பலர் அதற்கு இணங்காமல் மிஷன் வேலையை இழந்தனர். 1847இல் அமெரிக்க மதுரை மிஷன் தன் ஊழியர் சாதியை விட்டதற்கு அடையாளமாகப் பொதுப்பந்தியில் உண்ணவேண்டுமென்று விதித்தது. அங்கும் பலர் விலகினர். 1850இல் சென்னை மிஷனெரி மாநாடு இதே திசையில் தீர்மானம் இயற்றியது. லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் மாறுபட்டு, சாதி பெரும்பாலும் சமுதாய வழக்கமே, அது காலப்போக்கில் தேயும் என்று பொறுமை காட்டியது. அப்பொறுமையைப் பொறுக்கமாட்டாத ஆக்ஸ் என்னும் மிஷனெரி அச்சங்கத்தைவிட்டு விலக, அவர் வழியே 1860களில் டேனிஷ் மிஷன் தென்னாற்காட்டில் வேரூன்றியது.

இந்த அன்பின் விருந்துச் சோதனையைப் பற்றி நாம் இருமனப்பட்டவராயிருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஒரு பக்கம், பணி நியமனத்தில் சாதியை எதிர்த்து எழுந்த முதல் வலிமையான விதி அதுவே. சாதியைக் கைக்கொள்பவன் உபதேசியாராக இருக்கத் தகுதியற்றவன் என்று அது அறிவித்தது. இராஜநாயக்கன் காலத்தில் தாழ்த்தப்பட்டவன்மீது விழுந்த சோதனை, இப்போது தாழ்த்தியவன்மீது விழுந்தது. மறுபக்கம், அச்சோதனை வாயைத்தான் சோதித்தது. ஒருவேளை உணவை உண்டு, வேலையைக் காத்துக்கொண்டு, வீட்டிற்குத் திரும்பித் தலை முழுகுவதற்கு எவருக்கும் தடையிருக்கவில்லை. மேலும் அச்சோதனை சுதேச ஊழியர்க்கு மட்டுமே வைக்கப்பட்டது. ஐரோப்பியர் தம் பந்தியில் இந்தியக் குருவானவரை எவ்வளவு தாராளமாக அமர்த்தினர் என்பதற்குச் சோதனை இல்லை. 1910இல் எடின்பரோ மாநாட்டில் வே. ச. அசரியா அவ்விடைவெளியைப் பற்றி மனம் நொந்து பேசியபோது, கேட்டவர் பலருக்கு அது கசந்தது.

விடுதலைக்குப் பின் அரசு செய்ததையும் சுருக்கமாகக் குறிப்பிட்டே ஆகவேண்டும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் சேரும் உரிமையை மதத்தோடு கட்டிப்போட்டது. 1956இல் சீக்கியர்க்கும் 1990இல் பௌத்தர்க்கும் அக்கட்டு அவிழ்க்கப்பட்டது. கிறிஸ்தவர்க்கும் முஸ்லிம்களுக்கும் அவிழ்க்கப்படவில்லை. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துப் பிழைத்த கிறிஸ்தவராகிய சூசை, தம்மைப் போன்ற இந்துத் தொழிலாளருக்கு அரசு அளித்த கடைப்பெட்டி தமக்குக் கிட்டாததால் உச்சநீதிமன்றம் வரை சென்றார். 1985இல் அவர் வழக்குத் தள்ளுபடியாயிற்று. 2024இல் புதுச்சேரியில் மேல்நிலை எழுத்தர் வேலை கோரிய ஒரு பெண்ணின் வழக்கிலும், கிறிஸ்தவ விசுவாசத்தில் இருந்துகொண்டு அவ்வொதுக்கீட்டைக் கேட்க இயலாதென்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த அநீதியைக் குறித்து நம் சபைகள் தீர்மானம் இயற்றியுள்ளன, ஊர்வலம் சென்றுள்ளன, நாமும் சென்றிருக்கிறோம். வெயிலில் பதாகை பிடித்து நடப்பது எளிது. நம்முடைய நியமனக் கூட்டம் நடக்கும் அறை அவ்வளவு எளிதானதன்று.

அவ்வறையைப் பற்றிப் பேசுமுன் 2007ஆம் ஆண்டு வெளியான இரண்டு ஆய்வுகளை நினைவுகூர்வது பயன்தரும். சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகிய இருவர் ஓர் எளிய சோதனை செய்தனர். நாளிதழ்களில் வந்த தனியார் நிறுவன வேலை விளம்பரங்களுக்கு, கல்வியிலும் அனுபவத்திலும் ஒத்த விண்ணப்பங்களை அனுப்பினர். வேறுபாடு பெயரில் மட்டுமே. ஒன்று கேட்டவுடன் உயர்சாதி என்று தெரியும் பெயர். ஒன்று தலித் பெயர். ஒன்று முஸ்லிம் பெயர். 66 வாரங்களில் 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் சென்றன. உயர்சாதிப் பெயருக்கு நேர்முகத்திற்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதத்தை 1 என்று கொண்டால், தலித் பெயருக்கு அது 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. ஆளைப் பார்த்தவர் இல்லை. குரலைக் கேட்டவர் இல்லை. தாளில் எழுதிய பெயர் ஒன்றே போதுமானதாயிற்று. இதே முறையில் அமெரிக்காவில் பாஸ்டன், சிக்காகோ நகரங்களில் நடந்து 2004இல் வெளியான ஆய்வும், வெள்ளையர் பெயருக்குக் கறுப்பர் பெயரைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு மிகுதியான அழைப்புகள் வந்ததைக் காட்டியது. எனவே இது இந்தியருக்கு மட்டுமே உரிய நோய் என்று கூறுவதற்கில்லை.

இரண்டாவது ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. சுரிந்தர் ஜோத்கா, காதரின் நியூமன் ஆகியோர் டில்லிப் பகுதி நிறுவனங்களில் ஆள் தேர்வு செய்யும் 25 அதிகாரிகளைச் சந்தித்து உரையாடினர். சாதி பார்ப்பதில்லை, தகுதி ஒன்றே அளவுகோல் என்பதே பொதுவான விடை. ஆயினும் நேர்முகத்தில் குடும்பப் பின்னணியைக் கேட்பது அவர்களிடையே வழக்கமாயிருந்தது. தந்தை என்ன செய்கிறார், உடன்பிறந்தார் என்ன படித்தனர், எந்த ஊர் என்றெல்லாம் கேட்பர். கேட்டவருக்கு அது சாதியைக் கேட்பதாகத் தோன்றவில்லை. ‘நல்ல குடும்பமா’ என்று அறிவதாகவே தோன்றியது. 1957இல் கேரி பெக்கர் என்னும் பொருளியலறிஞர், வேலையில் பாகுபாடு முதலாளியிடமிருந்து மட்டுமன்றி, உடன் வேலை செய்பவரிடமிருந்தும் வாடிக்கையாளரிடமிருந்தும் வரலாம் என்று பிரித்துக் காட்டினார். தரங்கம்பாடியார் அந்நூலைப் படிக்காமலே மூன்றாம் வகையை நன்கு விளங்கிக்கொண்டிருந்தனர். திருவிருந்தை வாங்கவருபவர் மறுப்பாரே என்பதன்றோ அவர்கள் கவலை!

தமிழ்க் கிறிஸ்தவராகிய நாம், பெயரைக் கொண்டு சாதி அறிவது நம்மிடையே இயலாது என்று பெருமை கொள்வதுண்டு. வடநாட்டாரைப் போல நாம் பெயருக்குப் பின் குலப்பெயர் எழுதுவது குறைந்துவிட்டது. சாமுவேல், தானியேல், எஸ்தர் என்னும் பெயர்கள் எல்லாக் குலத்திற்கும் பொது. உண்மையே. ஆனால் பெயர் மறைத்ததை வேறு கேள்விகள் வெளிக்கொணர்கின்றன. ‘தம்பிக்குச் சொந்த ஊர் எது?’ என்று அன்பாகக் கேட்கிறோம். ஊரைச் சொன்னால், ‘கோயில் தெருவா, கிழக்கே உள்ள தெருவா?’ என்கிறோம். ‘உங்கள் தாத்தா எந்தச் சேகரம்? எந்த ஐயர் ஞானஸ்நானம் கொடுத்தார்?’ என்கிறோம். நம் சபைகள் எந்த மிஷனால், எந்தக் குலத்தாரிடையே, எந்தச் சிற்றூரில் தோன்றின என்பதை இருநூறு ஆண்டு வரலாறு நமக்குக் கற்பித்துள்ளது. வரலாற்று ஆசிரியருக்கு அவ்வறிவு ஒரு செல்வம். நியமனக் குழுவில் அதே அறிவு வேறு வேலை செய்கிறது. விண்ணப்பத்தோடு இணைக்கப்படும் போதகர் சான்றிதழில் சேகரத்தின் பெயர் இருக்கிறதே, அதைவிடத் தெளிவான குலச் சான்று எதற்கு? அச்சான்றிதழில் கையொப்பமிடும் நாம் அதை எண்ணிப்பார்ப்பதில்லை.

நமக்கு நேர்ந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், திருச்சபை நடத்தும் பள்ளியொன்றின் நியமனக் குழுவில் நாம் உறுப்பினராயிருந்தோம். பள்ளியின் பெயர் இங்கு வேண்டாம். தமிழாசிரியர் இடம் ஒன்று. வந்தவர் இருவர். ஒருவர் முதுகலையில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்; நான்கு ஆண்டு அனுபவமும் உடையவர். நேர்முகத்தில் ஒரு செய்யுளைச் சீர் பிரித்து அவர் படித்துக் காட்டியபோது குழுவே சற்று மௌனமாயிற்று. மற்றவர் அவருக்குச் சமமல்லர் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. முதலாமவர் எழுந்து வணங்கி வெளியே சென்ற பின், குழுவில் மூத்தவர் ஒருவர் அவருடைய சான்றிதழைத் திருப்பிப் பார்த்து, சேகரத்தின் பெயரை மெல்லப் படித்தார். பின்னர், ‘நமக்கு ஒன்றுமில்லை, ஐயா. ஆனால் அந்தப் பக்கத்துப் பெற்றோர் பிள்ளைகளை எடுத்துவிடுவார்கள். பள்ளிக்கூடம் நடக்கவேண்டுமே’ என்றார்.

பெற்றோர் எவரும் அங்கில்லை. எவரையும் கேட்டதுமில்லை. அந்த வாக்கியத்தை நாம் முன்பு படித்திருக்கிறோம் என்று அக்கணமே நமக்குத் தோன்றியது. எங்கே என்பதும் தெரிந்தது. அவ்வாண்டு வகுப்பில் தரங்கம்பாடியைப் பற்றி நடத்தி முடித்து ஒரு மாதங்கூட ஆகவில்லை. ஆயினும் வாய் திறக்கவில்லை. மூத்தவரை எதிர்ப்பது மரியாதையன்று என்றெண்ணினோம். குழுவில் நாம் புதியவர் என்றும் எண்ணினோம். உண்மையில், அடுத்த ஆண்டு இடமாற்றம் வரவிருந்தது, அவர் சொல்லுக்கு மறைமாவட்ட அலுவலகத்தில் செல்வாக்கு உண்டு என்பதும் நினைவிலிருந்தது. அந்தியோகியாவில் பர்னபா எவ்வாறு இழுப்புண்டார் என்பதற்கு உரையாசிரியர்கள் பல விளக்கம் எழுதுகின்றனர். நமக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

தரங்கம்பாடி மிஷனெரிகளைப் பற்றி ஒன்றை மட்டும் இங்கே சேர்க்க விரும்புகிறோம். அவர்கள் தங்கள் காரணத்தை எழுதி வைத்தனர். செய்ததையும் செய்யாததையும் ஐரோப்பாவிலுள்ள தம் ஆதரவாளர்க்கு விவரமாக எழுதியனுப்பும் வழக்கம் அவர்களுக்கு இருந்தது. ஹாலே நகரில் அவை அச்சாகிப் பலர் கைக்கும் சென்றன. அதனாலேயே ஒரு தலித் உபதேசியார் எக்காரணத்தால் குருவாகவில்லை என்பதை இத்தனை தலைமுறை கழித்தும் நாம் அறிகிறோம். அவர்களைக் குறை கூறவும் முடிகிறது. நம்முடைய பள்ளியின் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் அத்தகைய வசதி எதிர்கால வரலாற்றாசிரியருக்கு இல்லை. சில ஆண்டுகளுக்குப் பின் வேறொரு தேவைக்காக அந்நாளின் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தோம். இரு விண்ணப்பங்கள் ஆராயப்பட்டன என்றும், பள்ளியின் நலன் கருதித் தகுந்தவர் தெரிந்தெடுக்கப்பட்டார் என்றும், ஜெபத்தோடு கூட்டம் முடிந்தது என்றும் எழுதியிருந்தது. கீழே ஐந்து கையொப்பங்கள். மூன்றாவது நம்முடையது.